வடத்தின் மேல் அமர்ந்தவரும் தொட்டிக்குள் நிற்பவரும்

தாமிரபரணியைப் பற்றி எழுத வந்தவர்கள் பெரும்பாலும் ஆற்றையே எழுதியிருக்கிறோம். முக்கூடற்பள்ளு பெருகி வரும் வெள்ளத்தைப் பாடிற்று. 1879-இல் ஸ்டூவர்ட் எழுதிய மாவட்டக் கையேடும், 1917-இல் பேட் தொகுத்த கெசட்டியரும் அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் விரித்துரைத்தன. நம் காலத்துக் கட்டுரையாளர்களும் பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயலில் முடிப்பதே மரபு. ஆற்றின் இருகரையிலிருந்தும் பத்து மைல் விலகிப் போனால் நிலமும் பேச்சும் மாறிவிடுகின்றன. அங்கே தண்ணீர் தானாக வருவதில்லை. ஆள் இறங்கித்தான் அதைத் தேட வேண்டும். அப்படி இறங்குகிறவர்களைப் பற்றியே இக்கட்டுரை. இன்னும் குறிப்பாகச் சொல்வதானால், அவர்கள் இறங்கும் கயிற்றைப் பற்றி.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்னும் ஏழு பழைய அணைக்கட்டுகளும், ஆங்கிலேயர் காலத்தில் 1873-இல் முடிந்த ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் சேர்ந்து ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. இந்த எட்டிலும் தண்ணீரை எவரும் தூக்குவதில்லை. மேட்டில் மறித்துப் பள்ளத்திற்குத் திருப்பி விடுவதோடு வேலை முடிந்தது. வாழையும் நெல்லும் நிற்கிற இந்தப் பச்சைப் பட்டைக்கு வெளியே மானூர், ஆலங்குளம், நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் எனப் புஞ்சை விரிகிறது. குளமிருக்கும் ஊரில் குளம் நிறைந்தால் ஒரு போகம் உண்டு. மற்றபடி கிணறுதான் கதி. அந்தக் கிணறும் கைப்பிடிச் சுவருடைய சிறு வட்டக் கிணறன்று. ஒரு வீட்டையே உள்ளே இறக்கிவிடக்கூடிய அகலத்தில், மேலே மண்ணும் கீழே கருங்கல்லுமாகச் சதுரமாக வெட்டப்பட்டது.

இக்கிணறுகளிலிருந்து நீரிறைக்கப் பயன்பட்ட கமலையை இன்றைய இளைஞர் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கூனை, அதன் அடியில் தோலால் ஆன வால், கூனையைத் தூக்கத் தடித்த வடம், வாலைப் பிடிக்க மெல்லிய வால்கயிறு, இரண்டிற்கும் தனித்தனி உருளை. சரிவான பாதையில் மாடுகள் இறங்கக் கூனை மேலே வரும். மாடுகள் பின்னேறக் கூனை நீருக்குள் போகும். நம் கட்டுரைக்கு வேண்டிய செய்தி, மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வார் என்பது. அவர் எடையும் மாட்டின் இழுப்போடு சேரும் என்பதற்காகச் செய்தது. அதன் விளைவாக, கயிற்றின் நிலையை அவர் உடம்பே அறிந்திருந்தது. ஒரு புரி நைந்தால் தொடையில் தட்டுப்படும். உருளையில் வடம் தடம் மாறினால் குலுங்கும். கயிறு அறுந்தால் முதலில் விழுபவர் அவர்தாம். ஆகவே கயிற்றை மாற்றுவதற்கு அவரைப் பிறர் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்குவது நம் நோக்கமன்று. கமலையில் விழுந்து கால் ஒடிந்தவர்களும் உண்டு, மாட்டோடு கிணற்றில் போனவர்களும் உண்டு. கயிற்றைப் பார்க்கிறவரும் கயிற்றை நம்பியிருப்பவரும் ஒருவராகவே இருந்தார் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம்.

1944-இல் பாபநாசத்தில் நீர்மின் உற்பத்தி தொடங்கிய பிறகு, மெல்ல மெல்லக் கம்பிகள் புஞ்சைக்குள் நுழைந்தன. (மின்சாரத்திற்காகக் காத்துக் கிடக்கும் கரிசல் சம்சாரியை கி. ராஜநாராயணன் கதையாக்கினார். அக்கதை 1992-இல் கே. ஹரிஹரன் இயக்கத்தில் இந்தித் திரைப்படமாகவும் வந்தது.) மோட்டார் வந்ததும் கமலை ஓய்ந்தது. மாட்டுக்கு மூச்சு வாங்கும், மோட்டாருக்கு வாங்காது. 1990-ஆம் ஆண்டளவில் உழவருக்கெல்லாம் மின்சாரம் இலவசமானபோது, இறைப்பதற்கு இருந்த கடைசித் தடையும் போயிற்று. நீர்மட்டம் இறங்கியது, கிணறு அதைத் துரத்திக்கொண்டு இறங்கியது. தாத்தா நாற்பது அடி வெட்டிய கிணற்றைத் தந்தை ஐம்பதுக்கும் மகன் எழுபதுக்கும் கொண்டுபோனார்கள். அந்த ஆழத்தில் உடைத்த பாறையைத் தலைச்சுமையாகப் படியேற்றிக் கொண்டுவர இயலாது. அங்கேதான் கிரேன் வந்தது.

கிணறு வெட்டும் கிரேன் என்றவுடன் துறைமுகத்தில் நிற்கும் பேருருவை எண்ணிவிடக் கூடாது. கிணற்றின் விளிம்பில் நிறுத்தப்பட்ட ஓர் இரும்புச் சட்டம், அதிலிருந்து கிணற்றின் மேல் நீளும் ஒரு கை, கையின் நுனியில் உருளை, பின்னால் டீசல் எஞ்சின், வடம் சுற்றும் உருளி, கிளட்ச், பிரேக், எதிர்ப்பாரத்திற்குப் பாறாங்கற்கள். பல பாகங்கள் ஏதோ ஒரு பழைய லாரியின் மறுபிறவி. வடத்தின் நுனியில் இரும்புத் தொட்டி. தொட்டியில் கல் ஏறும். வேலைக்குப் போகவும் வரவும் அதே தொட்டியில் ஆளும் ஏறுவார்.

சில கோடைகளுக்கு முன் மானூர்ப் பக்கத்தில் ஒரு கிணற்றோரம் அரை நாள் நின்றோம். உள்ளே நால்வர், மேலே கிரேன் ஓட்டுபவர், கல்லைத் தட்டிவிட ஒருவர். ஆக ஆறு பேர். இந்த எண்ணிக்கையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். தொட்டி இறங்கும்போது எஞ்சினுக்கு வேலையில்லை. கிளட்சை விடுவித்துப் பிரேக்கில் காலை வைத்தபடி விடுகிறார்கள், பாரம் தன் எடையாலேயே போகிறது. ஓட்டுபவருக்குக் கிணற்றின் அடி தெரியாது. விளிம்பில் நிற்பவர் கையசைப்பதே அவருக்குக் கண். ரோப்பு வாங்கி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டோம். "ரெண்டு கெணறு ஆச்சு அண்ணாச்சி" என்றார். கால அளவைக் கிணற்றால் சொன்னது நமக்குப் பிடித்திருந்தது. அடுத்த கணமே அச்சமாகவும் இருந்தது.

இரும்புக் கம்பி வடத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில், கிளவுஸ்தால் சுரங்கங்களில் அதிகாரியாயிருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் மெல்லிய இரும்புக் கம்பிகளைப் புரிகளாக முறுக்கி முதல் சுரங்க வடத்தைச் செய்தார். அதுவரை சணல் கயிறும் சங்கிலியும் இருந்தன. சணல் நனைந்தால் அழுகும். சங்கிலி ஒரே ஒரு கண்ணி விட்டால் முழுதும் போயிற்று, முன்னறிவிப்புக் கிடையாது. கம்பி வடத்தின் அருமை அது படிப்படியாகச் சாவதில் இருக்கிறது. ஒரு கம்பி அறும், பிறகு இன்னொன்று. அறுந்த முனைகள் முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றக் கம்பிகள் பாரத்தைத் தாங்கியபடி நமக்கு நாள் கொடுக்கும். ஆனால் அந்த முட்களை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். பார்ப்பவர் இல்லாத இடத்தில் கம்பி வடத்திற்கும் சங்கிலிக்கும் வேறுபாடில்லை.

பிரிட்டனில் சட்டம் முதலில் தொட்டது கயிற்றையன்று, கயிற்றை இயக்கும் மனிதனை. 1842-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியதை அனைவரும் அறிவர். பதினைந்து வயது நிரம்பாதவரை ஏற்றியிறக்கும் எஞ்சினில் அமர்த்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. அந்த வரிக்கு முன்னால் எத்தனை சிறுவர் கைகளில் எத்தனை பெரியவர் உயிர்கள் தொங்கியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1862-இல் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரிறைக்கும் எஞ்சினின் உத்தரம் முறிந்து, இருந்த ஒரே வாயை அடைத்தது. 204 பேர் உள்ளேயே மாண்டனர். அவ்வாண்டே இரண்டாவது வழியின்றிச் சுரங்கம் இருக்கலாகாது என்று சட்டம் வந்தது. கயிறு அறுந்தாலும் விழாத மேடையை ஓட்டிஸ் 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் தானே ஏறி நின்று, கயிற்றை வெட்டச் செய்து காட்டினார். 1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கச் சட்டம், ஆள் ஏற்றும் வடத்தின் ஆயுளையே மூன்றரை ஆண்டு என்று வரையறுத்தது. வடம் புதிதுபோலத் தோன்றினாலும் காலம் முடிந்தால் அகற்ற வேண்டியதுதான்.

இது நமக்குத் தொலைவான கதையன்று. தமிழர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று வேலை செய்த கோலார் தங்கவயலில், 2001-இல் சுரங்கம் மூடப்படும் வரை, பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை ஆட்கள் போய்வந்தார்கள். இந்தியச் சுரங்க விதிகளின்படி ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் வடத்தின் நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக முனைகட்ட வேண்டும். நுனியில்தான் உள்தேய்மானம் மிகுதி என்பதும், வெட்டிய துண்டைப் பிரித்து உள்ளே பார்க்கலாம் என்பதும் காரணங்கள். மூன்று கிலோமீட்டர் இறங்கிய தமிழருக்குச் சட்டம் கயிற்றின் நுனியை வெட்டிப் பார்த்தது. எழுபது அடி இறங்கும் தமிழருக்கு அது நடப்பதில்லை.

கிரேனில் தொங்கும் கூடையில் ஆள் ஏற்றுவதற்கென்றே தனி விதி எழுதியவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய தொழிற்பாதுகாப்பு நிர்வாகம் 1988-இல் வகுத்து 2010-இல் விரித்தெழுதிய அந்த விதியின் முதல் வாக்கியமே தடைதான்: ஏணி, சாரம், லிஃப்ட் முதலிய வழக்கமான வழிகள் இயலாதபோதோ அவை இதைவிட ஆபத்தாக இருக்கும்போதோ மட்டுமே கூடையை நாடலாம். அதன் பிறகே நிபந்தனைகள். கிரேன் தூக்கக்கூடிய எடையில் பாதிக்கு மேல் ஏற்றக் கூடாது. வடம் ஏற்றும் பாரத்தைப்போல் ஏழு மடங்கு தாங்க வேண்டும், முறுக்குப் பிரியாத வகை வடமானால் பத்து மடங்கு. ஆள் ஏறுமுன் அதே பாதையில் ஆளில்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு நூற்றிருபத்தைந்து பங்கு எடையேற்றி நிறுத்தியும் பார்க்க வேண்டும். கூடையில் இருப்பவர் இடைவாரால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழக் கூடாது. இறக்கும்போது பிரேக்கை மட்டும் நம்பிப் பாரத்தைத் தானாக விழவிடக் கூடாது, எஞ்சினே பிடித்து இறக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை மானூர்க் கிணற்றின் விளிம்பில் நின்று வாசித்துப் பார்க்க வேண்டும். நாம் கண்ட கிரேனில் இறக்கம் முழுவதும் ஒரு மனிதரின் வலது பாதத்தில் இருந்தது. மற்றொன்று: வடத்தின் நுனியை மடக்கித் தொட்டியில் மாட்டும் இடத்தில் 'ப' வடிவக் கவ்விகளைப் போடுகிறார்கள். கவ்வியின் அகன்ற அடிக்கட்டை பாரம் தாங்கும் வடத்தின் மேலும், வளைந்த கம்பி மடங்கி வந்த முனையின் மேலும் இருக்க வேண்டும் என்பது கம்பி வடம் பழகியவர்களின் பாலபாடம். மாற்றிப் போட்டால் வளைந்த கம்பி பாரவடத்தையே நசுக்கி அறுக்கத் தொடங்கும். நாம் பார்த்த மூன்று கவ்விகளில் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது. சொன்னோம். அவர் மறுப்பேதும் சொல்லாமல் ஸ்பேனரை எடுத்துத் திருப்பிப் போட்டார். இரண்டு நிமிட வேலை. இதுவரை எவரும் அவருக்கு இதைச் சொன்னதில்லை.

கூடையையே குறை கூறுவதாக வாசகர் எண்ண வேண்டா. 1989 நவம்பரில் வங்காளத்தின் ராணிகஞ்ச் மகாபீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, ஜஸ்வந்த் சிங் கில் என்னும் பொறியாளர் துளையொன்றின் வழியே இரும்புக் கூண்டை இறக்கி 65 பேரை ஒவ்வொருவராக மேலேற்றினார். முதலில் அக்கூண்டில் இறங்கியவர் அவரே. வடத்தின் மேல் அமர்ந்த நம் கமலைக்காரருக்கும் இவருக்கும் ஏதோ உறவு உண்டென்று நமக்குத் தோன்றுகிறது. கயிற்றைப் பரிசோதித்தவரே கயிற்றில் தொங்கினார்.

இனி நம் சட்டங்களின் நிலை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் கனிமம் தேடித் தோண்டும் குழிக்கு உரியது. நீர் தேடித் தோண்டும் குழி அதே பாறையில், அதே வெடியால், அதைவிட ஆழமாகத் தோண்டப்பட்டாலும் சுரங்கமாவதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, தூக்கும் இயந்திரத்தையும் வடத்தையும் தகுதியுள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. ஆனால் புஞ்சை தொழிற்சாலையன்று. 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பாசன வேலைகளையும் நீர்ப்பணிகளையும் தன் வரையறைக்குள் கொண்டது, தூக்கு கருவிகளுக்கு விரிவான விதிகளும் அதன் கீழ் வந்தன. ஆயினும் பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்திற்கே அது பொருந்தும். கிணற்றில் ஆறு பேர். இம்மூன்று சட்டங்களும் 2020-ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பில் கரைக்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறிற்று, பத்துப் பேர் என்ற பொதுக்கணக்கு அப்படியே இருக்கிறது.

கிணறு வெட்டுபவரைச் சட்டம் அறியவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1994-இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் தொழிற்பட்டியலில் கிணறு தோண்டுபவரும், கிணற்றில் மூழ்கித் தூர் எடுப்பவரும் தனித்தனியே இடம்பெற்றிருக்கிறார்கள். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் திறந்த கிணற்றை வெட்டுதல், ஆழப்படுத்துதல் என்று பெயர் சொல்லியே பின்னாளில் சேர்த்தார்கள். ஆக, அவர் இறந்தால் என்ன தரவேண்டும் என்பது எழுதப்பட்டிருக்கிறது. அவர் தொங்கும் வடத்தை யார் பார்க்க வேண்டும் என்பது எழுதப்படவில்லை. இழப்பீடு சிறிய காரியமன்று. ஆனால் அதை வாங்கவும் ஒரு முதலாளி வேண்டும். கிணறு ஒருவருடையது, கிரேன் இன்னொருவருடையது, ஆட்களைச் சேர்த்தவர் மூன்றாமவர். எத்தனை அடிக்கு எவ்வளவு என்ற பேச்சு வாய்ப்பேச்சு. விபத்திற்குப் பின் மூவரும் ஒருவரையொருவர் சுட்டும்போது விதவையின் மனு எங்கே நிற்கும்?

ராதாபுரம் வட்டத்திலேயே கூடங்குளத்தில் அணுமின் நிலையத்தின் முதல் கான்கிரீட் 2002-இல் போடப்பட்டது. அணுசக்தி நிலையங்களில் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்திடம் இருக்கிறது. 1996-இல் அதற்கென்றே தனித் தொழிற்சாலை விதிகள் வந்தன. அந்த மதிலுக்குள் ஒரு கொக்கிக்கும் பதிவேடு உண்டு. மதிலுக்கு வெளியே சில மைல் தொலைவில் கிணறு வெட்டும் கிரேனுக்குப் பதிவெண்கூட இல்லை. அணு உலையைப் பற்றி நம்மிடையே எத்தனையோ கருத்து வேறுபாடுகள் உண்டு. இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றி எவரும் பேசி நாம் கேட்டதில்லை.

சட்டம் வந்துவிட்டால் போதும் என்று வாதிடவும் நமக்குத் துணிவில்லை. 2022 மே 14 இரவு, பாளையங்கோட்டைக்குத் தெற்கே அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ முந்நூறு அடி. இருவர் பிழைத்தனர்; நால்வர் மாண்டனர். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வரவேண்டியிருந்தது. அது கிணறன்று, குவாரி. சுரங்கச் சட்டம் முழுமையாகப் பொருந்தும் இடம். படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும், படியின் அகலம் உயரத்திற்குக் குறையலாகாது என்று 1961-ஆம் ஆண்டு விதிகள் சொல்லியே இருந்தன. விதி இருந்த இடத்திலேயே இப்படியானால் விதியில்லாத இடத்தைக் குறித்து என்ன சொல்வது என்று கேட்கலாம். நாம் வேறு விதமாகக் கேட்கிறோம். குவாரியில் விதி மீறப்பட்டதென்று குற்றம் சாட்டவாவது ஒரு வரி இருந்தது. கிணற்றில் மீறுவதற்குக்கூட ஒன்றுமில்லை.

வேண்டுவது பெரிய சட்டம் என்றும் நாம் கருதவில்லை. கிணற்றுக் கிரேனுக்கு ஒரு பதிவு, ஆண்டுக்கு ஒருமுறை வடத்தை அவிழ்த்துப் பார்க்க ஒரு ஆள், ஆள் ஏறும் தொட்டி வேறு கல் ஏறும் தொட்டி வேறு என்ற ஓர் ஏற்பாடு, இடைவாருக்கு ஒரு கொக்கி. மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்க வருகிற அரசு, தோண்டும்போதும் ஒருமுறை வந்து எட்டிப் பார்க்கலாகாதா?

மானூர்க் கிணற்றில் பகலுணவு வேளை வந்தது. தொட்டியில் மூவர் ஏறி, வடத்தைப் பிடித்தபடி விளிம்பு வரை வந்து குதித்து இறங்கினார்கள். நான்காமவர் அறுபதை நெருங்கியவர். அடுத்த நடையில் ஏறினார். பழைய கிணற்றின் பக்கச்சுவரில் கமலைக் காலத்தில் பதித்த கல்படிகள் நாற்பது அடி வரை நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே வெட்டிய புதிய ஆழத்திற்குப் படி கிடையாது. தொட்டி அந்தக் கடைசிப் படிக்கு நேராக வந்ததும் அவர் கையசைத்து நிறுத்தச் சொன்னார். படிக்குக் காலை எட்டி வைத்து மாறிக்கொண்டார். வெறுந்தொட்டி மேலே போயிற்று. அவர் சுவரில் ஒரு கையை ஊன்றியபடி, மீதி நாற்பது அடியையும் நடந்தே ஏறி வந்தார்.